பட்டை வாளை நேராக அறுக்க அமைத்தல்

பட்டை வாள் என்பது, இரு முனைகளும் ஒன்றாக இணைக்கப்பட்ட நீண்ட எஃகுப் பட்டையை இரண்டு சக்கரங்களின் மீது இடைவிடாது ஓடச்செய்து, அதன் ஒரு விளிம்பில் உள்ள பற்களால் மரம் முதலியவற்றை அறுக்கும் இயந்திரம் ஆகும். இது நாடா ரம்பம் எனவும், மரப் பட்டறைகளில் பேச்சு வழக்கில் பேண்ட்சா எனவும் அழைக்கப்படுகின்றது. வளைவுகளை அறுக்க உதவும் இயந்திரம் என்றே பலரும் இதனை அறிவர். எனினும், தடித்த கட்டையை மெல்லிய பலகைகளாகப் பிளத்தல் போன்ற நேர்கோட்டு வேலைகளுக்கும் இது மிகவும் ஏற்றது. அவ்வாறு நேராக அறுக்க வேண்டுமெனில், இயந்திரத்தின் உறுப்புகளை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் சரிசெய்துகொள்ள வேண்டும். அச்செயலே இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றது.

வெட்டு கோணலாகப் போகும்போது, பக்கத் தடுப்பைச் சற்றுத் திருப்பி வைத்து அறுப்பது பரவலான வழக்கம். இது குறையை நீக்குவதில்லை. பெரும்பாலும் மறைக்கவே செய்கின்றது. கோணல் வெட்டின் காரணம் பெரும்பாலும் மழுங்கிய அலகிலோ, அலகு சக்கரத்தின் மீது அமர்ந்திருக்கும் இடத்திலோ இருக்கும். எனவே அலகில் தொடங்கி, சக்கரம், இழுவிசை, தாங்கிகள், மேசை என்று சென்று, பக்கத் தடுப்பை இறுதியாகச் சரிசெய்வதே முறையாகும்.

வரலாறு

முனையற்ற பட்டையைக் கொண்டு அறுக்கலாம் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் 1809ஆம் ஆண்டில் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். ஆயினும் அவ்வியந்திரம் நடைமுறைக்கு வரவில்லை. சக்கரங்களின் மீது மீண்டும் மீண்டும் வளைந்து நிமிர்வதைத் தாங்கும் எஃகு அப்போது கிடைக்கவில்லை. பட்டையின் இரு முனைகளையும் இணைத்த இடம் விரைவில் முறிந்துபோனது.

1846ஆம் ஆண்டில் ஆன் பாலின் கிரெப்பின் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி முனைகளை உறுதியாக இணைக்கும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இவ்வுரிமை பின்னர்ப் பாரிசைச் சேர்ந்த பெரின் நிறுவனத்துக்குச் சென்றது. அந்நிறுவனம் இணைப்பு முறையோடு மேம்பட்ட எஃகையும் பதப்படுத்தும் முறைகளையும் சேர்த்து, நீடித்து உழைக்கும் அலகுகளை உருவாக்கியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெருமரங்களை அறுக்கும் ஆலைகளிலும் பட்டை வாள்கள் இடம்பெற்றன. இயந்திரத்தின் அமைப்பு எளியது. அலகின் தரமே அதன் வெற்றியை முடிவுசெய்தது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

அமைப்பு

சிறு பட்டறைகளில் 14 அங்குல (சுமார் 356 மி.மீ.) விட்டமுள்ள சக்கரங்களைக் கொண்ட பட்டை வாள் பரவலாகக் காணப்படுகின்றது. இக்கட்டுரையில் தரப்படும் அளவுகள் பொதுவாக அவ்வகை இயந்திரத்துக்கு உரியவை. அதன் முதன்மை உறுப்புகள் பின்வருமாறு:

- கீழ்ச் சக்கரம்: மின்னோடியால் சுழற்றப்படுவது.
- மேல் சக்கரம்: தானே உருள்வது. இதனை மேலும் கீழும் நகர்த்தி இழுவிசையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். முன்னும் பின்னும் சாய்த்து அலகு ஓடும் இடத்தை மாற்றவும் முடியும்.
- ரப்பர் பட்டை: சக்கரங்களின் விளிம்பில் பொருத்தப்பட்டிருப்பது. பெரும்பாலான சிறு இயந்திரங்களில் இதன் நடுப்பகுதி சற்றே மேடாக இருக்கும்.
- அலகு: பற்களைக் கொண்ட எஃகுப் பட்டை. பட்டறைகளில் பிளேடு எனப்படும்.
- பக்கத் தாங்கிகள்: அலகு இடமும் வலமும் விலகாதவாறு காப்பவை. மேசைக்கு மேல் ஓர் இணையும் கீழ் ஓர் இணையும் இருக்கும்.
- பின்தாங்கி: மரத்தைத் தள்ளும்போது அலகு பின்னோக்கி நகராமல் தடுப்பது. இதுவும் மேசைக்கு மேலும் கீழும் உண்டு.
- மேசை: மரத்தை வைத்துத் தள்ளும் தளம். பொதுவாக வார்ப்பிரும்பால் ஆனது.
- பக்கத் தடுப்பு: மரம் அலகிலிருந்து ஒரே தொலைவில் செல்வதற்காக மேசை மீது பொருத்தப்படும் நேரான சட்டம். பட்டறைகளில் ஃபென்ஸ் எனப்படும்.

அலகு மேலிருந்து கீழ்நோக்கி ஓடுவதால், வெட்டும் விசை மரத்தை மேசையின் மீது அழுத்துகின்றது. இதனால், வட்ட வாளில் நிகழ்வதுபோல் மரத்தை அறுப்பவரை நோக்கி வீசியெறியும் ஆபத்து இதில் குறைவு.

பட்டை வாளின் மற்றொரு சிறப்பு, குறுகிய வெட்டுத்தடம் ஆகும். அறுக்கும்போது தூளாகிப் போகும் மரத்தின் அகலமே வெட்டுத்தடம். எடுத்துக்காட்டாக, 100 மி.மீ. தடிப்புள்ள கட்டையை 5 மி.மீ. தடிப்புள்ள தகடுகளாக அறுப்பதாகக் கொள்வோம். வட்ட வாளின் வெட்டுத்தடம் 3 மி.மீ. எனில் 12 தகடுகள் கிடைக்கும். பட்டை வாளின் வெட்டுத்தடம் 1 மி.மீ. எனில் 16 தகடுகள் கிடைக்கும். ஆனால் வெட்டு கோணலானால் ஒவ்வொரு தகட்டையும் கூடுதல் தடிப்பில் அறுத்து, பின்னர் இழைத்துச் சமப்படுத்த வேண்டியிருக்கும். அப்போது இந்த ஆதாயம் முழுவதும் இழைப்புச் சுருளாகவே போய்விடும்.

வெட்டு கோணலாவது ஏன்

பட்டை வாளின் அலகு மெல்லியது, வளையக்கூடியது. அது இரு சக்கரங்களுக்கு இடையே இழுத்துக் கட்டப்பட்ட நாடாவைப் போன்றது. மரம் அதனைப் பின்னோக்கித் தள்ளும்போது, நிமிர்த்திப் பிடித்த அளவுகோலின் விளிம்பை அழுத்தினால் அது பக்கவாட்டில் துவள்வதுபோல், அலகும் துவள முயல்கின்றது. இதனைத் தடுப்பவை அலகின் அகலம், இழுவிசை, தாங்கிகள் ஆகியன. தள்ளும் விசை இவற்றின் எல்லையை மீறினால் வெட்டு வளைந்துவிடும்.

கோணல் வெட்டு இரு வகைப்படும். முதலாவது, வெட்டு நேர்கோடாகவே செல்லும், ஆனால் பக்கத் தடுப்புக்கு இணையாக இராது. இது விலகல் எனப்படும். இரண்டாவது, மேற்பரப்பில் வெட்டு கோட்டின் மீதே செல்லும், ஆனால் மரத்தின் உட்பகுதியில் அலகு வளைந்து, வெட்டிய முகம் வயிறு போலப் புடைத்தோ குழிந்தோ காணப்படும். இவ்விரண்டுக்கும் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு.

அலகைத் தேர்தல்

கூர்மையான, வேலைக்குப் பொருத்தமான அலகு இல்லையெனில் பிற சீரமைப்புகளால் பயனில்லை. அலகைத் தேரும்போது கவனிக்க வேண்டியவை மூன்று.

அகலம்: அகன்ற அலகு துவளாமல் நேராகச் செல்லும். குறுகிய அலகு சிறு வளைவுகளில் திரும்பும். 6 மி.மீ. (கால் அங்குல) அகல அலகு சுமார் 16 மி.மீ. ஆரமுள்ள வளைவில் திரும்பக்கூடியது. 13 மி.மீ. (அரை அங்குல) அலகுக்குச் சுமார் 64 மி.மீ. ஆரம் தேவை. நேராக அறுப்பதற்கு, 14 அங்குல இயந்திரத்தில் 13 மி.மீ. அலகு மிகவும் ஏற்றது. அதைவிட அகன்ற அலகைப் பொருத்த இடம் இருந்தாலும், அதற்குத் தேவையான இழுவிசையைத் தருவது சிறு இயந்திரத்தின் சட்டகத்துக்கும் சுருள்வில்லுக்கும் கடினம். போதிய இழுவிசை இல்லாத அகன்ற அலகைவிட, நன்கு இழுக்கப்பட்ட சற்றுக் குறுகிய அலகே நேராக அறுக்கும்.

பற்களின் எண்ணிக்கை: பற்களுக்கு இடையே உள்ள பற்குழியே அறுத்த தூளைச் சுமந்து வெளியே கொண்டுவருகின்றது. தடித்த மரத்தில் நெருக்கமான பற்களைப் பயன்படுத்தினால், பற்குழி பாதி வழியிலேயே நிறைந்துவிடும். அதன் பின்னர்ப் பற்கள் வெட்டமாட்டா; தேய்க்கும். அலகு சூடேறித் துவளும். பலகை பிளப்பதற்கு அங்குலத்துக்கு 3 பற்கள் கொண்ட அலகு பொதுவாகப் பயன்படுகின்றது. 150 மி.மீ. உயரமுள்ள மரத்தில் அத்தகைய அலகின் சுமார் 18 பற்கள் ஒரே நேரத்தில் வெட்டும். மெல்லிய பலகைகளுக்கு நெருக்கமான பற்கள் வேண்டும். எப்போதும் குறைந்தது 3 பற்களாவது மரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி.

பல்விரிவு: வெட்டுத்தடத்தில் அலகின் உடல் உரசாமல் இருக்க, பற்கள் மாறிமாறி இடமும் வலமும் சற்றே வளைக்கப்பட்டிருக்கும். இது பல்விரிவு எனப்படும். இரு பக்கமும் விரிவும் கூர்மையும் ஒன்றாக இருந்தால் அலகு நேராகச் செல்லும். மரத்தில் மறைந்திருந்த ஆணியிலோ பக்கத் தாங்கியிலோ பட்டு ஒரு பக்கப் பற்கள் மழுங்கினால், அலகு கூர்மை மிகுந்த மறுபக்கத்தை நோக்கி இழுக்கும். இக்குறையை எந்தத் திருகாலும் சரிசெய்ய இயலாது. அலகை மாற்றுவதோ மீண்டும் தீட்டுவதோ தவிர வேறு வழியில்லை.

அமைக்கும் முறை

கீழ்க்காணும் படிகளை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் முந்தைய படியைச் சார்ந்துள்ளது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே கதவுகளைத் திறக்க வேண்டும்.

1. துப்புரவு. சக்கரங்களின் ரப்பர் பட்டையில் பிசினும் தூளும் ஒட்டியிருந்தால் அகற்ற வேண்டும். சிறு கட்டி இருந்தாலும் அலகு ஒவ்வொரு சுற்றிலும் துள்ளும். ரப்பர் வெடித்தோ நடுமேடு தேய்ந்தோ இருப்பின் புதியதைப் பொருத்துதல் நன்று.

2. தாங்கிகளை விலக்குதல். மேலும் கீழும் உள்ள பக்கத் தாங்கிகளையும் பின்தாங்கிகளையும் அலகைத் தொடாதவாறு நன்கு விலக்கி வைக்க வேண்டும். இவை அலகைத் தொட்டுக்கொண்டிருந்தால், அலகு இயல்பாக எங்கே ஓட விரும்புகின்றது என்பதை அறிய முடியாது. பலர் தவறவிடும் படி இதுவே.

3. அலகைப் பொருத்துதல். மேசைக்கு அருகே பற்கள் கீழ்நோக்கியும் அறுப்பவரை நோக்கியும் இருக்க வேண்டும். புதிய அலகைச் சுருளிலிருந்து விரிக்கும்போது சில வேளைகளில் அது உட்புறம் வெளியாகத் திரும்பிவிடும். அப்போது பற்கள் மேல்நோக்கி நிற்கும். அலகைக் கழற்றி, புரட்டித் திருப்பினால் சரியாகிவிடும். முனைகள் இணைந்த இடம் நேராக உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கு கோணல் இருந்தால் ஓடும்போது அலகு முன்னும் பின்னும் அசையும். சீரான இடைவெளியில் தட்டும் ஒலியும் கேட்கும்.

4. அலகு ஓடும் இடத்தைச் சரிசெய்தல். அலகுக்குச் சிறிது இழுவிசை கொடுத்து, மேல் சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். அலகு முன்னோக்கியோ பின்னோக்கியோ நகர்ந்தால், மேல் சக்கரத்தைச் சாய்க்கும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். அலகின் அகலத்தின் நடுப்பகுதியைவிட, பற்குழியின் அடிப்பகுதி சக்கரத்தின் நடுமேட்டின் மீது வருமாறு அமைத்தல் நன்று. அலகின் வெட்டும் விளிம்புக்கு அருகில் இழுவிசை முழுமையாகக் கிடைக்க இது உதவும்.

5. இழுவிசையைக் கொடுத்தல். இழுவிசை கூடக் கூட அலகு துவள்வது குறையும். சாதாரணக் கரிம எஃகு அலகுகளுக்குச் சுமார் 100 முதல் 140 மெகாபாஸ்கல் வரையிலான தகைவு பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. பற்குழிக்குப் பின்னுள்ள உடல் 9 மி.மீ. அகலமும் 0.64 மி.மீ. தடிப்பும் கொண்ட அலகுக்கு 100 மெகாபாஸ்கல் தகைவு கொடுக்க, மேல் சக்கரத்தை ஏறத்தாழ 120 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையால் உயர்த்த வேண்டும். இயந்திரத்தில் உள்ள இழுவிசை அளவுகோல் தோராயமானது. சுருள்வில் பழையதாகும்போது அது மேலும் தவறும். எனவே அலகைப் பக்கவாட்டில் விரலால் மிதமாக அழுத்திப் பார்ப்பதும் உண்டு. தாங்கியை மேசைக்கு மேல் சுமார் 150 மி.மீ. உயரத்தில் வைத்து அழுத்தும்போது அலகு 6 மி.மீ. அளவுக்கு மேல் நகராதிருந்தால் போதிய இழுவிசை உள்ளது எனக் கொள்வர். இழுவிசையை மாற்றினால் அலகு ஓடும் இடமும் சற்று மாறும் என்பதால், நான்காம் படியை மீண்டும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

6. மேசையைச் செங்குத்தாக்குதல். மூலைமட்டத்தை மேசை மீது வைத்து, அலகின் தட்டையான உடலோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். மூலைமட்டம் வளைந்த பற்களைத் தொடக்கூடாது; தொட்டால் அளவு தவறும். இதனைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உயரமான கட்டை ஒன்றின் முகத்தில் ஆழமில்லாத வெட்டு ஒன்றை இட்டு, இயந்திரத்தை நிறுத்தி, அக்கட்டையை மேசையின் மீதே அலகின் பின்புறத்துக்குச் சுற்றிக் கொண்டுசெல்ல வேண்டும். அலகின் பின்விளிம்பு அவ்வெட்டுக்குள் மேலிருந்து கீழ்வரை எளிதாகப் புகுந்தால் மேசை செங்குத்தாக உள்ளது. மேசை சாய்ந்திருந்தால் வெட்டும் அலகும் குறுக்காக நிற்கும்.

7. தாங்கிகளை அமைத்தல். பின்தாங்கியை, அலகு வெறுமனே ஓடும்போது தொடாமலும், மரத்தைத் தள்ளத் தொடங்கியதும் தொடுமாறும், சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். பக்கத் தாங்கிகளுக்கும் அலகுக்கும் இடையே ஒரு தாளின் தடிப்பளவு இடைவெளி போதும். அவற்றின் முன்விளிம்பு பற்குழிக்குச் சற்றுப் பின்னே நிற்க வேண்டும். முன்னே வந்தால் பற்களில் உரசி அவற்றை மழுக்கிவிடும். மேலும், பக்கத் தாங்கி அலகைத் தன் பக்கம் தள்ளக்கூடாது. அலகு இருக்கும் இடத்துக்குத் தாங்கியைக் கொண்டுவர வேண்டுமே அன்றி, தாங்கி இருக்கும் இடத்துக்கு அலகை வளைக்கக்கூடாது. மேல் தாங்கியைக் கீழிறக்கி மரத்துக்கு மேல் சுமார் 6 மி.மீ. உயரத்தில் நிறுத்த வேண்டும். தாங்கியை உயர்த்தும்போதும் இறக்கும்போதும் இந்த இடைவெளிகள் மாறாதிருக்கின்றனவா என்று பார்ப்பதும் தேவை.

8. பக்கத் தடுப்பை அமைத்தல். மேசையில் முன்னிருந்து பின்னாகச் செல்லும் நேரான பள்ளத்துக்கு இணையாகத் தடுப்பை முதலில் வைக்க வேண்டும். தடுப்பின் முகம் மேசைக்குச் செங்குத்தாக உள்ளதா என்பதையும் மூலைமட்டத்தால் பார்க்க வேண்டும். உயரமான பலகையைப் பிளக்கும்போது இது மிக இன்றியமையாதது.

இவையனைத்தும் முடிந்ததும் கதவுகளை மூடி, மின்னிணைப்பைக் கொடுத்து, இயந்திரத்தைச் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டுக் கவனித்த பின்னரே மரத்தை அறுக்க வேண்டும்.

விலகலும் அதனைத் தீர்க்கும் இரு வழிகளும்

சோதனை வெட்டுக்கு, ஒரு விளிம்பு நேராக உள்ள, சுமார் 600 மி.மீ. நீளமுள்ள பலகையை எடுத்து, அவ்விளிம்புக்கு இணையாக ஒரு கோடு வரைய வேண்டும். தடுப்பை அகற்றிவிட்டு, கோட்டின் வழியே கைப்பிடியாகவே பாதித் தொலைவு அறுத்து, பலகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு இயந்திரத்தை நிறுத்த வேண்டும். இப்போது பலகையின் விளிம்பு மேசைப் பள்ளத்துக்கு இணையாக இருந்தால் விலகல் இல்லை. பலகை ஒரு பக்கம் திரும்பி நின்றால் அக்கோணமே விலகல் ஆகும். 1 பாகை விலகல் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் 300 மி.மீ. நீளத்தில் அது 5 மி.மீ. அளவுக்கு மேல் வேறுபாட்டை உண்டாக்கும்.

இதனைத் தீர்க்க இரு வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, தடுப்பை விலகல் கோணத்துக்கு ஏற்பத் திருப்பி வைப்பது. இது விரைவானது. அந்த அலகு அதே நிலையில் இருக்கும்வரை பயன்தரும். ஆனால் அலகை மாற்றினாலோ அது மழுங்கத் தொடங்கினாலோ கோணமும் மாறிவிடும். மேலும், குறுக்கு வெட்டுக்கான கோணச் சட்டம் மேசைப் பள்ளத்தில் ஓடுவது. தடுப்பைத் திருப்புவதால் அதில் ஏற்படும் பிழை நீங்குவதில்லை.

இரண்டாவது, தடுப்பைப் பள்ளத்துக்கு இணையாகவே வைத்து, அலகை அதற்கு இணையாகத் திருப்புவது. சக்கரத்தின் நடுமேடு இதற்கு உதவுகின்றது. அலகு மேட்டின் உச்சியில் அமராமல் முன்சரிவில் அமர்ந்தால், அதன் பல்விளிம்பு சக்கரத்தின் மையம் உள்ள பக்கம், அதாவது இயந்திரத்தின் தூண் உள்ள பக்கம், சற்றே சாயும். பின்சரிவில் அமர்ந்தால் பல்விளிம்பு எதிர்ப்பக்கம் சாயும். பற்கள் எப்பக்கம் நோக்குகின்றனவோ அப்பக்கமே வெட்டும் செல்லும். எனவே மேல் சக்கரத்தின் சாய்வைச் சிறிதளவு மாற்றி அலகை முன்னோ பின்னோ நகர்த்தினால் விலகல் குறையும். ஒவ்வொரு முறையும் தாங்கிகளை விலக்கி, அலகு நிலைகொண்ட பின் மீண்டும் அமைத்து, சோதனை வெட்டு இட்டுப் பார்க்க வேண்டும். பொறுமை தேவைப்படினும், இதன் பயன் நீடித்தது. மேசையும் பள்ளமும் தடுப்பும் அலகும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன.

நடுமேடு இல்லாத தட்டைச் சக்கரங்களைக் கொண்ட இயந்திரங்களும் உள்ளன. அவற்றில் அலகு அமரும் இடம் வேறுபடும் என்பதால் அந்தந்தக் கையேட்டைப் பின்பற்ற வேண்டும்.

இவ்விரு வழிகளில் எதைப் பின்பற்றினாலும், ஒரு பக்கம் மழுங்கிய அலகை இவை திருத்துவதில்லை. முன்பு நேராக அறுத்த இயந்திரம் எவ்வித மாற்றமும் செய்யாமலேயே கோணலாக அறுக்கத் தொடங்கினால், முதலில் ஐயுற வேண்டியது அலகையே ஆகும்.

மரமும் கையும்

இயந்திரம் செம்மையாக இருந்தாலும் மரமும் கையும் ஒத்துழைக்க வேண்டும். மேசையைத் தொடும் முகமும் தடுப்பைத் தொடும் முகமும் சமமாகவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் இழைக்கப்பட்டிருக்க வேண்டும். வளைந்த பலகை தடுப்பின் மீது ஆடிக்கொண்டே சென்றால் வெட்டும் ஆடும். ஒவ்வொரு தகட்டை அறுத்த பின்னும் கட்டையின் முகத்தை மீண்டும் இழைத்துச் சமப்படுத்திக்கொள்வது நல்ல பழக்கம்.

சரியாக உலராத மரத்திலும், சாய்ந்து வளர்ந்த மரத்திலும் உள்ளிறுக்கம் இருக்கும். அறுத்தவுடன் அது விடுபட்டு, பலகை தானாக வளையும். சில வேளைகளில் வெட்டுத்தடம் மூடிக்கொண்டு அலகைப் பிடித்துக்கொள்ளும். இது இயந்திரத்தின் குறையன்று. அறுத்த பலகையைச் சில நாள் விட்டுவைத்துப் பின்னர் இறுதியாக இழைப்பதே இதற்கு வழி.

மரத்தைத் தள்ளும் வேகமும் முக்கியமானது. மிக வேகமாகத் தள்ளினால் பற்குழி நிறைந்து அலகு உள்ளே வளையும். மிக மெதுவாகத் தள்ளினால் பற்கள் வெட்டாமல் தேய்த்து, மரம் கருகும். மின்னோடியின் ஒலி தாழாமலும், தூள் சீராகக் கீழே விழுந்துகொண்டும் இருப்பதே சரியான வேகத்தின் அடையாளம்.

குறைகளும் காரணங்களும்

- வெட்டு எப்போதும் ஒரே பக்கம், ஒரே கோணத்தில் விலகுகின்றது: அலகு சக்கர மேட்டில் அமர்ந்த இடம் சரியில்லை, அல்லது தடுப்பு இணையாக இல்லை.
- விலகல் நாளுக்கு நாள் கூடுகின்றது: ஒரு பக்கப் பற்கள் மழுங்கிவருகின்றன.
- வெட்டிய முகம் புடைத்தோ குழிந்தோ உள்ளது: இழுவிசை குறைவு, பற்கள் மிக நெருக்கம், அல்லது தள்ளும் வேகம் மிகுதி.
- வெட்டு நேராக உள்ளது, ஆனால் மேலும் கீழும் தடிப்பு வேறுபடுகின்றது: மேசையோ தடுப்போ செங்குத்தாக இல்லை.
- சீரான இடைவெளியில் தட்டும் ஒலி: அலகின் இணைப்பில் கோணல், அல்லது அலகில் விரிசல். இயந்திரத்தை உடனே நிறுத்திச் சோதிக்க வேண்டும்.
- அலகு அடிக்கடி முறிகின்றது: சக்கரத்தின் விட்டத்துக்கு அலகு மிகத் தடிப்பானது, அல்லது குறுகிய வளைவில் அலகு முறுக்கப்படுகின்றது.

இறுதியாகக் கூறிய குறைக்கு விளக்கம் எளிது. 0.64 மி.மீ. தடிப்புள்ள அலகு 356 மி.மீ. சக்கரத்தின் மீது வளையும்போது மட்டும் அதன் மேற்பரப்பில் சுமார் 360 மெகாபாஸ்கல் தகைவு உண்டாகின்றது. இது இழுவிசையால் உண்டாகும் தகைவைவிட மிகுதி. தடிப்புக் கூடினால் இதுவும் அதே விகிதத்தில் கூடும். நிமிடத்துக்குச் சுமார் 900 மீட்டர் ஓடும் 2.4 மீட்டர் நீள அலகின் ஒவ்வொரு புள்ளியும் மணிக்கு ஏறத்தாழ 45,000 முறை இவ்வாறு வளைந்து நிமிர்கின்றது. நியூபெரியின் காலத்து எஃகு ஏன் தாங்கவில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும்.

பாதுகாப்பு

பட்டை வாள் அமைதியாக ஓடுவதால் ஆபத்தற்றது எனத் தோன்றும். உண்மையில் அது விரலையும் மரத்தைப் போலவே தடையின்றி அறுக்கும். மேல் தாங்கியை மரத்துக்கு அருகில் இறக்கி வைத்தல் நேரான வெட்டுக்கு மட்டுமன்றி, திறந்திருக்கும் அலகின் நீளத்தைக் குறைத்து விரல்களைக் காப்பதற்கும் உதவுகின்றது. வெட்டின் முடிவில் அலகு திடீரென மரத்தை விட்டு வெளியேறும். எனவே அலகின் நேர்கோட்டில் கையை வைக்காமல், தள்ளுகட்டையைப் பயன்படுத்த வேண்டும். மழுங்கிய அலகு இவ்வாபத்தையும் பெருக்குகின்றது; அது மிகுந்த விசையுடன் தள்ளச் செய்கின்றது, மிகுந்த விசையுடன் தள்ளும் கையே எளிதில் வழுக்குகின்றது.

உருண்டையான கட்டையைத் தாங்கல் இன்றி அறுக்கக்கூடாது. அலகு அதனைப் பற்றிச் சுழற்றிவிடும். பாதி அறுத்த மரத்தைப் பின்னோக்கி இழுக்க வேண்டியிருந்தால், முதலில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். இல்லையெனில் அலகு சக்கரத்திலிருந்து கழன்றுவிடலாம். அலகைக் கழற்றவும் மடிக்கவும் கையுறை அணியலாம்; ஓடும் இயந்திரத்தின் அருகே கையுறை அணியக்கூடாது. கண்ணாடியும் தூசு முகமூடியும் எப்போதும் தேவை.

பராமரிப்பு

அலகில் படியும் பிசினை அவ்வப்போது அகற்ற வேண்டும். நீண்ட நேரம் இயந்திரத்தைப் பயன்படுத்தாதபோது இழுவிசையைத் தளர்த்தி வைப்பது ரப்பர் பட்டை ஓரிடத்தில் அமுங்குவதைத் தடுக்கும். தளர்த்திய செய்தியை எழுதி இயந்திரத்தின் மீது தொங்கவிடுதல் நன்று. தளர்ந்த அலகோடு இயந்திரத்தை ஓட்டினால் அலகு கழன்று சேதமடையும். மேசையைத் துருவிலிருந்து காக்க மெழுகு பூசுவர். மரம் எளிதில் வழுக்கிச் செல்லவும் அது உதவும்.

இவற்றையும் பார்க்க

- வட்ட வாள்
- இழைப்புளி
- மூலைமட்டம்
- தச்சுத் தொழில்